சுண்ணாம்புப் பொட்டு வைத்த ஃபோர்க்

நாமக்கல் மில்காரர் வீட்டு ஆள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"வண்டி ஃபோர்க்குல ஆயில் ஒழுகுதுங்க. மொதலாளி உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க."

ஆயில் சீல் மாற்றிவிட்டு வந்து எட்டு நாள்கூட ஆகவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்து, பட்டாளத்து மோட்டார் சைக்கிள்கள் ஏலத்துக்கு வந்த சமயம் அது. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் என்றால், அதுவரை சேலத்தில் நான் பார்த்ததெல்லாம் ஸ்பிரிங் வைத்ததுதான். கிரீஸ் அடித்தால் வேலை முடிந்தது. மில்காரர் ஏலத்தில் எடுத்த வண்டியிலோ குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கியது. உள்ளே ஆயில், அது வெளியே வராமல் தடுக்கப் பக்கத்துக்கு ஒரு ரப்பர் வளையம்; அதுதான் சீல். எங்கள் பட்டறையில் அதைப் பிரித்துப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. எனக்கும் தெரியாதுதான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மில்காரர் யாரையும் நம்பமாட்டார். "பட்டறையில உட்டா பாதிச் சாமானம் மாறிப்போயிருமுங்க. எங்க ஊட்டுக்கே வந்து செஞ்சு குடுங்க" என்று சொல்லி, நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்ததும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு, ஃபோர்க்கில் இருந்த ஒவ்வொரு நட்டிலும் ஸ்குரூவிலும் ஒரு பொட்டு வைத்தார். யாராவது திருகினால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது போய்ப் பார்த்தால், இடது ஃபோர்க்கின் அடியில் ஆயில் வடிக்கும் ஸ்குரூவில் மட்டும் பொட்டைக் காணோம். வண்டி துடைக்கும் ஆரோக்கியத்தை மில்காரர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆயில எடுத்துப்போட்டு ஒழுங்கா மூடக்கூடத் தெரியலையாடா?"

"அந்தோணியார் சத்தியமா நான் தொடலீங்க."

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. பொட்டு தானாப் போயிருமா?"

"போவாதுங்க. யாரோ தொறந்திருக்காங்க" என்றேன். என் வேலைமேல் பழி வராது என்கிற நிம்மதியில் சொன்னது.

"பொழுது சாயறதுக்குள்ள சாமானத்த எடுத்துட்டுக் கெளம்பு" என்றார் மில்காரர். மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு ஆரோக்கியம் குடியிருந்தார். வேலை போனால் அறையும் போய்விடும்.

ஸ்குரூவில் ஸ்பேனரைப் போட்டேன். நான் முடுக்கிய இறுக்கம் அப்படியே இருந்தது. குழாயை மேலே தடவினேன். மேலிருந்தே ஆயில் வழிந்திருந்தது. இடது பக்கத்தைப் பிரித்தேன். ஆயிலைத் தடுக்கும் விளிம்பு, சீலின் வாய், மேலே பார்த்தபடி இருந்தது. வலது பக்கத்தையும் பிரித்தேன். அங்கே வாய் கீழே, ஆயிலைப் பார்த்து இருந்தது. அது குருட்டாம்போக்கில் சரியாக அமைந்தது.

முதல் தடவை குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம், "ஏனுங்க, அந்தச் சீல் கீழ பாக்குது, இது மேல பாக்குதே?" என்று கேட்டிருந்தார். "நீ தொடைக்கிற வேலையப் பாருப்பா" என்று நான்தான் அடக்கினேன்.

சீலைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். சீலுக்கு மேல், கீழ் உண்டு என்பதே மில்காரருக்குத் தெரியாது. ஆனால் நிமிர்ந்தபோது ஆரோக்கியம் என் கையிலிருந்த சீலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "சீலத் தலகீழாப் போட்டுட்டேன். வழிஞ்ச ஆயில்தான் பொட்டக் கரைச்சிருக்குது. இவரு அன்னிக்கே கேட்டாருங்க."

மில்காரர் சீலை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பு டப்பியை ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார். "இனி நீயே வெய்யி. நீ செரின்னாத்தான் மேஸ்திரி மூடோணும்."

சீலைப் பொருத்திவிட்டு, "வாய் கீழ பாக்குது. செரிதானுங்களா?" என்று ஆரோக்கியத்திடம் கேட்டேன். அவர் உடனே தலையாட்டவில்லை. குனிந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடச் சொன்னார்; பொட்டும் வைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஃபோர்க் பிரித்துவிட்டேன். கழற்றும்போதே சீல் எந்தப் பக்கம் பார்த்தது என்று சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்வேன். நடுவில் யார் கேள்வி கேட்டாலும், ஸ்பேனரைக் கீழே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.