நண்டு வளைக்குள் ஓடிய குட்டிகள்

நான் கம்பெனி வேலைக்குப் போன நாட்களில் என் மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டு சரசக்காதான் பார்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் நெட்டுக்குப்பம் முகத்துவாரக் கரைக்குப் போனோம். சாம்பல் நிறச் சேற்றில் சாண் நீளத் தண்ணீர்ப்பாம்புக் குட்டிகள் நெளிந்தன. மகள் அலறினாள். நான் கைகளை விரித்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடி அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அயுவாதடி கண்ணு. அதுங்களே பயந்துகினு நண்டு வளைல பூந்துக்குது பாரு," என்றாள் அக்கா.

"அதுங்க அம்மா எங்க?"

"பெத்துப் போட்டுட்டு அப்பவே பூட்டா. பசிச்சா அதுங்களே மீன் புட்ச்சித் துன்னுக்கும்."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, மூஞ்சி தொங்கிப்போச்சு? உன் பொண்ணுதான், தூக்கிக்கோ."

தூக்கினேன். மகள் அவள் பக்கமே சாய்ந்தாள்.

அக்காவின்மீது வந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்தத் தாய்ப்பாம்பின்மீது வந்தது இன்னும் ஆறவில்லை. பயந்த குட்டி யாரிடம் ஓடுகிறது என்று அது நின்று பார்க்க வேண்டியதில்லை.