மாமா ஆடிக்கொண்டு வந்தார்

என் மாமாவுக்குப் பொம்மையார்பாளையத்தில் வேலை. கடலோர விடுதி ஒன்றில் தங்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஆளுக்கொரு சைக்கிளைக் கொடுத்து, காலையில் கூட்டிக்கொண்டு கிளம்பி, நாலு ஊரைச் சுற்றிக் காட்டி, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாமா சம்பளம் கொடுப்பார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. பஸ் போகிற ஊருக்கு எவனாவது வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவானா? மாமா அலட்டிக்கொள்ள மாட்டார்.

"அவங்களுக்கு ஜல்தி கிடையாதுக்கா. மெதுவா போறதுக்குன்னே அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க," என்பார் அம்மாவிடம்.

திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கூட்டத்தை எங்கள் வீட்டில் நிறுத்துவார். அம்மா கேப்பைக் கூழும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்தும் கொடுப்பாள். கூழைக் குடித்துவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர்கள் சிரிப்பார்கள். முதலில் எங்கள் ஆட்டுக்குட்டியைப் படம் எடுப்பார்கள், அப்புறம் என்னை. அந்த வரிசை எனக்குப் பிடிக்காது.

எனக்கு ஆறு வயது இருக்கும். ஒரு விடியற்காலையில் அம்மா மார் வலிக்கிறது என்றாள். அப்பா ஆட்டோ பிடித்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். கூட்டேரிப்பட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டு, சாவு மேளத்துக்குச் சொல்லி, அம்மாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். அம்மா தூங்குகிறாள், எழுப்பக் கூடாது என்று அத்தை சொன்னாள். நான் நம்பினேன். பெட்டியைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. எங்களையெல்லாம் வெயிலில் விட்டுவிட்டு அம்மா மட்டும் குளுகுளுவென்று தூங்குகிறாளே என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

மதியத்துக்குள் எல்லாச் சொந்தமும் வந்துவிட்டது, மாமாவைத் தவிர. அவர் வராமல் எடுக்க முடியாது. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். கூடப் பிறந்தவன் புதுப் புடவை கொண்டுவந்து தன் கையால் போர்த்தினால்தான் அவள் அந்த வீட்டை விட்டுப் போகலாம். அம்மாவுக்கு அப்பா, அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. மாமாவை விட்டால் அவளுக்குப் பிறந்த வீடு என்று எதுவும் கிடையாது.

அவருடைய போன் அணைந்து கிடந்தது. வெள்ளைக்காரர்களோடு போகும்போது அணைத்துவிடுவதுதான் மரியாதை என்பது அவர் எண்ணம். ஒருவர் பைக்கில் விடுதிக்கு ஓடினார், மாமா காலையிலேயே கிளம்பிவிட்டாராம். இன்னொருவர் திருவக்கரைக்குப் போய்ப் பார்த்தார், வந்துவிட்டுப் போய்விட்டார்களாம். மாமா தார் ரோட்டில் வருகிற ஆளே இல்லை. ஏரிக்கரை, மல்லாட்டைக் கொல்லை என்று புகுந்து புகுந்துதான் வருவார்.

"இன்னும் எவ்ளோ நேரம்யா வச்சிக்கினு இருக்கிறது?" என்று பெரியப்பா அப்பாவைக் கேட்டபடியே இருந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

எங்கள் எதிர்வீட்டில் வயதான ஒருவர் மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. மேளச் சத்தத்தைக் கேட்டதும் அவர்தான் போய்விட்டார் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். தெரு நிறையக் கூட்டம் நின்றதால் பந்தல் எந்த வாசலில் என்பது அவர் கண்ணில் படவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர் சாவென்றால் எங்கள் பக்கம் ஆடித்தான் அனுப்புவோம்.

"ஓல்டு மேன் டெத். ஹாப்பி டெத். நோ க்ரை, ஒன்லி டான்ஸ்," என்று தன் விருந்தாளிகளுக்கு விளக்கிவிட்டு, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஆட இறங்கினார்.

மேளக்காரர்கள் வெளியூர் ஆட்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைக்காரர்களைப் பார்த்த குஷியோ என்னவோ, அடியை வேகமாக்கினார்கள். மாமாவுக்குப் பின்னால் அவர் கூட்டிவந்த வெள்ளைக்காரர்கள் நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஆடி வந்தார்கள். கூட்டம் விலகி விலகி வழிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தத் தெருக் கூட்டத்தின்மேல் ஆத்திரம் வருகிறது. யாராவது ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம்.

நான் மாமாவிடம் ஓடினேன். காலையிலிருந்து அழுத முகமாகவே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த எனக்கு, சிரித்துக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர். என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றிச் சுற்றி ஆடினார். நான் கை தட்டினேன்.

"இன்னா பாப்பா, இவ்ளோ கூட்டத்துல தனியா சுத்திக்கினு இருக்க? உங்கம்மா எங்க?"

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. தோள்மேலிருந்து பார்த்தால் எல்லாத் தலைகளையும் தாண்டிப் பெட்டி நன்றாகத் தெரிந்தது.

"அதோ, தூங்குது," என்று கையை நீட்டிக் காட்டினேன்.

மாமாவின் கால்கள் நின்றன. மேளம் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. வெள்ளைக்காரர்கள்தான் கடைசியாக நிறுத்தினார்கள். அவர் போர்த்துவதற்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் புடவையை அத்தை கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாப்பா. நீதான் போத்தணும்."

மாமா வாங்கவில்லை. வாங்க வேண்டுமானால் என் கால்களை விட வேண்டும். இரண்டு கையாலும் என் கணுக்கால்களைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது. வலி தாங்காமல் நான் வீறிட்டு அழுதேன். அன்று நான் அழுதது அப்போதுதான்.

ஐயோ, பிள்ளைக்குத் தெரிஞ்சிபோச்சே என்று தெருவே ஓவென்று கதறியது. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.