கை பிரேக் பிடித்த வெள்ளிக்கிழமை

ஹல்துமுல்லையிலிருந்து பதுளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு, தீபாவளித் துணிக்கு, ஒருமுறை அடையாள அட்டைத் திருத்தத்துக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனது ஒரே ஒரு முறைதான். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் ராஜேந்திரன் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஹப்புத்தளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். பாடசாலை வேன் என்றால் வருடத்துக்கு ஒருமுறை பதுளையில் தகுதிப் பரிசோதனைக்குக் காட்டியாக வேண்டும். அது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் நடக்கும். பரிசோதகர் பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் பிள்ளைகளை ஏற்றும் அனுமதி நீளும். எங்கள் அனுமதி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடியவிருந்தது. திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சாதாரண தரப் பரீட்சை ஆரம்பம். தோட்டத்திலிருந்து ஒன்பது பிள்ளைகள் எழுதப் போகிறார்கள். காலை பஸ்ஸை நம்ப முடியாது. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, வந்தாலும் மிதிபலகையில்கூட இடமிருக்காது.

முன்னமே காட்டியிருக்கலாம்தான். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இவர் வலது கையை முறித்துக்கொண்டார். கை கழுத்தில் தொங்குகிறது. ஹப்புத்தளையிலிருந்து யோகன் என்ற சிநேகிதர் வெள்ளிக்கிழமை வந்து ஓட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று விடிவதற்குள் போன் வந்தது. அவருடைய மகளுக்குக் காய்ச்சல் ஏறி, தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"விடு கலா, அடுத்த வெள்ளிக்குப் பாத்துக்குவோம்" என்றார் இவர். வாய்தான் சொன்னது. முகம் வேறு சொன்னது.

"நான் ஓட்டுறேன்."

"பதுளைக்கா?"

"பதுளைக்குத்தான். எனக்கும் லைசன் இருக்குல்ல?"

லைசன் இருந்தது. எடுத்து இரண்டு வருடம். அதை வைத்துக்கொண்டு நான் ஓட்டியதெல்லாம் தோட்டத்து ரோட்டிலும் ஹல்துமுல்லைச் சந்தை வரைக்கும்தான்.

ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் கொழுந்துக் கூடையோடு ரோட்டோரம் ஒதுங்கி நின்றார்கள். முன்சக்கரம் அவர்களைத் தாண்டும்போது ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "அடியே, கலாக்கா ஓட்டுது!" என்று கத்தினாள். சிரிப்பு பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது. பிறகு ஒரு குரல், "பாத்துப் போங்கக்கா" என்றது. அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அவளுடைய மகனும் ஒன்பது பேரில் ஒருவன்.

ஏ-4 பாதையில் ஏறி பெரகலைச் சந்திவரை அதிகம் பயமில்லை. அங்கிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் பாதைதான் சோதித்தது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. வானம் தெளிந்த நாளில் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் தெற்குச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும், குளங்கள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னும். பஸ்ஸில் போகும்போது ஆசையாகப் பார்ப்பேன். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மண் சரிந்து பாதி ரோடு அடைபட்டிருந்த ஓர் இடத்தில், சிவப்புக் கொடி பிடித்திருந்த தொழிலாளி கையைக் காட்டி ஒவ்வொரு வண்டியாக விட்டார். பின்னால் மரக்கறி லொறி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் பக்கத்து இருக்கையில் காலால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்தார்.

"அங்க பிரேக் இல்லங்க. காலை எடுங்க."

"நான் எங்க மிதிச்சேன்?"

"உங்க செருப்பு என்னமோ பண்ணுதே."

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் என் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

ஹப்புத்தளையில் நிறுத்தி ஆளுக்கொரு ரொட்டியும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். முந்நூறு ரூபாய். பிளேன்டீ என்றால் பால் இல்லாத தேநீர். இந்தக் குளிரில் அதன் சூடு உள்ளங்கைக்கே பாதி போய்விடும். பண்டாரவளையில் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஏற்றத்தில் என்ஜின் நின்றது. மறுபடி உயிர்ப்பித்தேன், மறுபடி நின்றது. பின்னால் வரிசை நீண்டது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்ததும் லைசனை எடுக்கப் பையைத் துழாவினேன். அவர் ஜன்னலருகே வந்து சிங்களத்தில், "அவசரமில்லை, மெதுவாக எடுங்கள்" என்றார். பிறகு ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்தார். நான் ஏறிப்போகும்வரை கையை இறக்கவில்லை. நன்றி சொல்ல ஜன்னலை இறக்குவதற்குள் அவர் அடுத்த வண்டிக்குத் திரும்பியிருந்தார்.

தெமோதரையைத் தாண்டியதும் பாதை இறங்க இறங்கக் குளிர் விட்டது. ஹாலிஎலவில் நான் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டேன். பதுளைக்குள் நுழையும்போது ஒன்பது மணியை நெருங்கியிருந்தது. எங்களைப்போன்ற மேட்டுக்காட்டு ஆட்களுக்குப் பதுளை வெயில் எப்போதும் கொஞ்சம் வெளியூர்தான்.

பரிசோதனை நடக்கும் இடம் நகரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய முற்றம். லொறிகளும் பஸ்களும் வேன்களும் வரிசையாக நின்றன. ஹப்புத்தளைப் பாதையில் பின்னாலேயே ஹார்ன் அடித்து வந்த அதே நீலநிற மரக்கறி லொறி இப்போதும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, தெரிந்த தமிழில், "அக்காவா ஓட்டுனது? நான் அண்ணன்னு நெனச்சு ஹார்ன் அடிச்சேன்" என்றார். பெயர் சுனில். பசறைக்காரர்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு எங்கள் முறை வந்தது. பரிசோதகர் நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். டயரைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், இருக்கைப் பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தார், முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. கடைசியாக முற்றத்தின் கோடியிலிருந்த சரிவில் ஏற்றி, நிறுத்தி, கை பிரேக்கை மட்டும் போட்டுவிட்டுக் காலை எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். ஒரு கணம் நின்றது. பிறகு வேன் மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. இவர் ஏதோ கத்தினார். நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வேன் குலுங்கி நின்றபோது அதற்கும் சுனிலின் லொறிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது.

"கை பிரேக் பிடிக்கவில்லை" என்றார் பரிசோதகர் சிங்களத்தில். குரலில் கோபமில்லை. "பிள்ளைகள் ஏறும் வண்டி. இப்படி விட முடியாது."

இவர் பரீட்சையைச் சொன்னார், முறிந்த கையைக் காட்டினார். பரிசோதகர் கேட்டுக்கொண்டார். "திருத்திவிட்டு மூன்று மணிக்குள் வாருங்கள். இன்றைக்கே பார்க்கிறேன். தாண்டினால் அடுத்த வெள்ளிதான்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்தச் சரிவை நினைத்துப் பார்த்தால், எங்கள் தோட்டத்து முடக்குகளில், அந்த ஏற்ற வளைவுகளில், பிள்ளைகளை ஏற்றுவதற்காக இதே வேன் தினமும் இதே கை பிரேக்கில் நின்றிருக்கிறது. அவர் சரி என்று விட்டிருந்தால்தான் பயப்பட்டிருக்க வேண்டும்.

சுனில் தனக்குத் தெரிந்த கராஜுக்கு வழி சொன்னார். பஜாருக்குப் பின்னால், நிஸாம் நானாவின் கராஜ். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டை நெருங்கியிருந்தது. நானா கை கால் கழுவி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்குப் போகும் நேரம்.

இவர் நிலைமையைச் சொன்னார். நானா வேனைப் பார்த்தார், பள்ளிவாசல் பக்கம் பார்த்தார்.

"தொழுதுட்டு வந்துருவேன் தம்பி. அதுக்கு முந்தி பின் டயர் ரெண்டையும் கழட்டி வெக்கச் சொல்றேன். வந்தொடன கை வெச்சுரலாம்" என்று சொல்லி, வேலையாளுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

கராஜுக்குப் பின்னாலேயே அவர் வீடு. அவர் மனைவி பரீதா எட்டிப் பார்த்து, "வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க தங்கச்சி" என்றார். மறுத்தும் கேட்கவில்லை. சோறு, பருப்பு, பொரித்த கருவாடு. எனக்கு இறங்கவில்லை. பரீதா அக்கா ஒன்றும் கேட்காமல் எதிரே உட்கார்ந்து, தன் மகள் போன வருடம் இதே பரீட்சை எழுதிய கதையைச் சொன்னார். பரீட்சைக்கு முந்தின நாள் மகள் சோறே தின்னவில்லையாம், அம்மாவும் தின்னவில்லையாம், வாப்பா மட்டும் இரண்டு பேர் பங்கையும் தின்றாராம். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நான் பாதிச் சோற்றைச் சாப்பிட்டிருந்தேன்.

நானா ஒன்றரைக்குத் திரும்பினார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே சக்கரத்தருகே குந்தினார். உள்ளே பார்த்ததும் உச்சுக்கொட்டினார். சக்கரத்துக்குள் எண்ணெய் கசிந்து பிரேக் லைனிங் நனைந்து போயிருந்தது. வயரை மட்டும் இறுக்கிப் பயனில்லை. லைனிங்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒயில் சீலும் புதிதாக வேண்டும்.

கழற்றிய பழைய ஒயில் சீலை ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு நான் பஜாருக்கு ஓடினேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் லைனிங் இருந்தது, சீல் இல்லை. கடைக்காரர், எங்களைப்போலத் தோட்டத்திலிருந்து வந்து நகரத்தில் கடை போட்டவர்போலிருந்தது, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நில்லுங்கம்மா" என்று தன் பையனை அனுப்பாமல் தானே ரோட்டைக் கடந்து வேறொரு கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். "எந்தத் தோட்டம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையசைத்தார்.

நானா வேலையை முடித்து எழுந்தபோது இரண்டே முக்கால் தாண்டியிருந்தது. கூலியைச் சரியாகச் சொன்னார், சரியாக வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே ஏத்திப் பாருங்க" என்று வீதியோரத்து மேட்டைக் காட்டினார். ஏற்றினேன், நிறுத்தினேன், காலை எடுத்தேன். வேன் அசையவில்லை. அந்த நிமிடம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. அவர் கை முழுக்க கிரீஸ்.

பஜார் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். டியூஷன் வகுப்புகள் விடும் நேரம். வெள்ளைச் சீருடைகள் ரோட்டை நிறைத்திருந்தன. முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி கடந்து பத்து நிமிடம். கேட் பாதி மூடியிருந்தது. மூடிய பாதியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுனில் நின்றார்.

"அக்கா, சீக்கிரம், சீக்கிரம்! வருவாங்கன்னு சேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்!"

அவருடைய லொறிக்கு எப்போதோ சான்றிதழ் கிடைத்துவிட்டது. எங்களுக்காகத்தான் நின்றிருக்கிறார். மரக்கறி ஏற்றப் போக வேண்டியவர்.

பரிசோதகர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏற்றுங்கள்."

ஏற்றினேன். கை பிரேக்கை இழுத்தேன். காலை எடுத்தேன். அவர் வேனின் முன்னால் வந்து, இரண்டு கையாலும் பம்பரைப் பிடித்துத் தள்ளியே பார்த்தார். அசையவில்லை. கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். மேசைக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சான்றிதழை இவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"திங்கட்கிழமை நீங்களா ஓட்டப் போகிறீர்கள்?"

"ஆமா சேர்."

"பெரகலையில் காலையில் மூடுபனி இருக்கும். கொஞ்சம் முன்னதாகவே புறப்படுங்கள்."

சுனிலைத் தேடினேன். நீல லொறி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை ஆடியது.

நாலு மணிபோல் பதுளையை விட்டோம். ஹாலிஎல ஏற்றத்தில் இவர், "கொழும்புல இதுக்கு எத்தனை நாள் அலைய விடுவாங்களோ" என்றார். எனக்குக் கொழும்பைப் பற்றித் தெரியாது. ஆனால் காலையில் முடியாது என்று சொன்ன அதே ஆள் மாலையிலும் அங்கேயே இருந்து, திருத்திக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சரி என்று சொல்லும் தூரத்தில் ஒரு நகரம் இருப்பது பெரிய கொடுப்பினை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் ஒன்று உடைந்தால், அது நாளைக்கும் உடைந்தே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வாழப் பழகியிருக்கிறோம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரையும் அப்படித்தான், தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். பதுளையில் அன்று ஒரு பொருள் உடைந்த நாளிலேயே சரியானது. அதற்குப் பல பேர் தங்கள் வேலையை நிறுத்திவைத்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது.

ஹப்புத்தளையில் மழை பிடித்தது. பெரகலை இறக்கத்தில் வைப்பரைப் போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் இறங்கினேன். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்குக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கோயிலருகே குடை பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பரீட்சைப் பிள்ளைகளின் தாய்மார், இரண்டு அப்பாமார். எங்கள் மலையில் போன் சிக்னல் பாதி நேரம் இருக்காது. என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாமல் வேன் விளக்கைப் பார்ப்பதற்காக மழையில் வந்து நின்றிருக்கிறார்கள்.

முடக்கு நல்ல ஏற்றம். நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, ஜன்னலை இறக்கினேன். யாரும் "கிடைத்ததா" என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்போல. கடைசியில் ஒரு தாய் குடையைச் சாய்த்து முன்னால் வந்தாள்.

"அப்போ திங்கக்கெழமை புள்ளைங்க எத்தனை மணிக்கு நிக்கணும், கலா?"

"அஞ்சரைக்கு நிக்கச் சொல்லுங்க. மூடுபனி இருக்குமாம்."