சத்தம் போடாத சப்பாத்து

பொகவந்தலாவையிலிருந்து அட்டனுக்குப் போகிற பஸ்ஸில் பரிமளம் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. சன்னலோர இடமும் தேட மாட்டாள். எல்லாக் கால்களும் தெரிகிற இடமாகப் பார்த்து நடுவில் உட்கார்ந்துகொள்வாள். வளைவில் வண்டி சாயும்போது மற்றவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள். பரிமளம் இன்னும் கொஞ்சம் குனிவாள், அப்போதுதானே சப்பாத்தின் அடி ஓரம் தெரியும். பிறகு பக்கத்திலிருக்கும் அக்கா அம்மாக்கண்ணுவின் விலாவில் இடித்து, "அந்த வெள்ளைச் சட்டைக்காரரு சப்பாத்தப் பாருக்கா, வரப்பு விட்டுப்போச்சு. இன்னும் ஒரு மழைதான்" என்பாள். வெள்ளைச் சட்டைக்காரர் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்வார்.

"ஏண்டி, ஆம்பளைங்க காலையே பாத்துக்கிட்டு வர்றியே, ஊரு என்னடி பேசும்?"

"மூஞ்சியப் பாத்தாத்தான்க்கா ஊரு பேசும்."

இத்தனைக்கும் பரிமளம் பிறந்ததிலிருந்து சப்பாத்துப் போட்டதில்லை. கொழுந்து எடுக்கிறவள். குதிகாலில் வெடிப்பும், கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புமாக, மலை ஏறி இறங்கி அகன்றுபோன பாதங்கள். "ஒனக்கும் ஒரு சோடி வாங்கிக்கயேன்" என்று யாராவது சொன்னால், "நான் சப்பாத்துப் போட்டுக்கிட்டா அந்த அட்டைக்கெல்லாம் யாரு சோறு போடறது?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் அந்தத் தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டில் கலியாணம் என்றாலும், மாப்பிள்ளைக்குச் சப்பாத்து எடுக்கப் போகிறவர்கள் முதலில் அவள் காம்பராவின் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

இதற்குக் காரணம் அவளுடைய சொந்தக் கலியாணம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருசம் அது. மாப்பிள்ளை ஆண்டியப்பன் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சீவி வெட்டுவதில் அவர் கத்திக்கு ஈடு கிடையாது. அவருக்குச் சப்பாத்து எடுக்க லயத்து ஆண்கள் நாலு பேர் அட்டனுக்குப் போனார்கள். நல்ல சப்பாத்து எது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. தோட்டத்துப் பெரிய துரை ஆபீஸ் பலகைத் தரையில் நடந்தால் "கீச் கீச்" என்று கேட்கும். துரை வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். ஆகவே எது அதிகமாகச் சத்தம் போடுகிறதோ அதுதான் உசத்தி. நாலு பேரும் கடையில் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சோடியாக நடக்க வைத்துக் காது கொடுத்துக் கேட்டு, உள்ளதிலேயே உரக்கக் கத்திய சோடியைக் கட்டித் தரச் சொன்னார்கள்.

மாரியம்மன் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது அந்தச் சப்பாத்து தப்பு மேளச் சத்தத்துக்கே சவால் விட்டது. பிள்ளைகள் பின்னாலேயே "கீச் கீச்" என்று கூவிக்கொண்டு வந்தன. தேயிலை அரைக்கிற ஸ்டோர் வளைவில் மழை பிடித்தது. முதலில் சத்தம் நின்றது. பிறகு வலது சப்பாத்து வாயைப் பிளந்தது. லயத்துப் படிக்கட்டுக்கு வருவதற்குள் அதன் அடி சேற்றிலேயே தங்கிவிட்டது. உள்ளே தோல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது பிஸ்கட் பெட்டியின் காகித மட்டை. அதன் எழுத்துகள்கூட அழியவில்லை. அன்றைக்கே ஆண்டியப்பனுக்குக் 'காயித மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் கூடும்போதும் அதே பெயர், கோயிலில் பொங்கல் வைக்கும்போதும் அதே பெயர். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கலியாண ஊர்வலத்திலும் நடக்கவில்லை, அவ்வளவுதான். முதல்நாளே போய் வெங்காயம் உரிப்பார், விறகு பிளப்பார், அண்டா இறக்குவார். மேளம் கிளம்பும் நேரத்தில் அடுப்படியில் இருப்பார். கேட்டால், "எல்லாரும் ஊர்கோலம் போனா சோத்த யாரு பாக்குறது?" என்பார்.

பரிமளம் கலியாணமான ஒரு வாரத்தில் அந்தச் சப்பாத்தை எடுத்துப் புருசனின் கவ்வாத்துக் கத்தியால் பிளந்தாள்.

"செத்தத எதுக்கு புள்ள வெட்டுற?" என்றார் ஆண்டியப்பன்.

"எதனால செத்துச்சுன்னு பாக்க வேணாமா?"

துண்டுகளைப் பொறுக்கிப் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு, சம்பள நாளுக்கு மறுநாள் அட்டன் ஸ்டேசன் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து சப்பாத்துத் தைக்கும் வீரய்யாவிடம் போனாள். அவர் துண்டுகளைப் பார்த்தார். "இத தைக்க முடியாது தாயி."

"தைக்க வேணாம். இதுக்கெல்லாம் பேரு சொல்லுங்க."

வீரய்யாவிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துக் காட்டினார். கயிறு கோக்கிற ஓட்டை கண்ணு. அதற்குக் கீழே கிடப்பது நாக்கு. முன்னால் விரலை மூடுவது மூக்கு. பின்னால் உயரமாக இருப்பது குதி. கால் படுகிறது உள்ளடி, தரை படுகிறது வெளியடி.

"எல்லாம் மனுசன் ஒடம்பு மாதிரியே இருக்கே. வயிறு எங்க?" என்றாள் பரிமளம்.

"வயிறு விக்கிறவன்கிட்ட இருக்கு தாயி."

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாள். வீரய்யா காகித மட்டையை விரலால் தட்டினார். "இது உள்ள ஒட்டாமக் கெடந்து தோலோட ஒரசியிருக்கு. அழுதிருக்கு தாயி. நீங்க பாட்டுன்னு நெனச்சு வாங்கியிருக்கீங்க."

"அப்ப தொர சப்பாத்து?"

"புதுத் தோலும் கொஞ்ச நாளைக்கு மொனகும். அப்பறம் அடங்கிரும். தொரைக்கு எப்பவும் புதுசுதானே."

மலையில் கொழுந்து எடுக்கும்போது அந்தப் பெயர்களையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேல்தோலையும் அடியையும் சேர்த்துச் சுற்றிலும் தைத்த தோல் பட்டிக்கு வீரய்யா சொன்ன இங்கிலீசுப் பேர் அவள் நாக்கில் நிற்கவில்லை. வயலைச் சுற்றி இருப்பது வரப்பு என்றால் சப்பாத்தைச் சுற்றி இருப்பதும் வரப்புதான் என்று முடிவு செய்தாள். இன்றைக்கு அந்தத் தோட்டம் முழுக்க அதற்கு வரப்பு என்றுதான் பேர். வீரய்யாகூட அப்படித்தான் சொல்கிறார்.

அவள் சறுக்கியதும் உண்டு. ஒருமுறை செடிக்கு மருந்தடிக்கிற ஒருவருக்கு வந்த ரப்பர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வரப்பும் இல்ல, தையலும் இல்ல, வெறும் ஒட்டு வேல" என்று திருப்பி அனுப்ப வைத்துவிட்டாள். அதே சோடியை வாங்கிய பக்கத்துத் தோட்டத்து மனிதர் அதைப் போட்டுக்கொண்டு வருசக்கணக்காக ஓடையில் இறங்கி நடந்தார். பரிமளம் அந்த மனிதரை வழியில் நிறுத்தி, அந்தச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே வெளியே தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி வீரய்யாவிடம் போய் ரப்பரைப் படித்துக்கொண்டு வந்தாள்.

போன ஆவணியில் அம்மாக்கண்ணுவின் மகள் மீனம்மாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. பரிமளம், அம்மாக்கண்ணு, மாப்பிள்ளை, அவருடைய தகப்பனார் செல்லசாமி எல்லாரும் அட்டனுக்குப் போனார்கள். கடைக்காரர் கணேசமூர்த்தி முதலாளி பரிமளத்தைப் படியில் கண்டதுமே சிரித்தார்.

"டேய், அந்த முன்னால உள்ள பெட்டிய எல்லாம் உள்ள எடுத்து வைடா. பொகவந்தலாவ அம்மா வந்துட்டாங்க."

"உள்ள வச்சாலும் வெளிய எடுக்கச் சொல்லுவேன் மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே அவள் கீழே உட்கார்ந்தாள்.

பளபளவென்று ஒரு சோடி வந்தது. மாப்பிள்ளை அதைப் போட்டு "கீச் கீச்" என்று நாலடி நடந்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். பரிமளம் கொழுந்தைக் கிள்ளுகிற விரல்களால் தோலைக் கிள்ளினாள். மடிந்த இடத்தில் வெடித்த கோடு தெரிகிறதா என்று பார்த்தாள். உள்ளே கையை விட்டு உள்ளடியை நகத்தால் நிமிண்டினாள். வரப்பில் தையல் இருந்தது. அதை முகத்தருகே கொண்டுபோய், "மொதலாளி, இது நூலா, நூலு மாதிரி அச்சா?" என்றாள்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "அத நீதான் கண்டுபுடிச்சுட்டியே, அப்பறம் என்னத்தக் கேக்குற?" உள்ளேயிருந்து வேறொரு சோடியை அவரே எடுத்து வந்தார். மினுக்கம் குறைந்த தவிட்டு நிறம். பரிமளம் நாக்கை இழுத்தாள், கண்களை எண்ணினாள், குதியை அமுக்கினாள், வரப்பைச் சுற்றிக் கட்டை விரலை ஓட்டினாள். அம்மாக்கண்ணுவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளையைப் போட்டு நடக்கச் சொன்னாள்.

மாப்பிள்ளை நடந்தார். கடையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் செல்லசாமி. "செத்த சப்பாத்தா இது? எங்க பக்கத்துச் சனம் நூறு பேரு வருவாங்க. மாப்பிள்ள நடந்தா கேக்க வேணாமா? மொதல்ல காட்டினதையே எடுங்க. அது நல்லாப் பாடுச்சு."

"பாடலீங்க சம்பந்தி, அழுவுது."

"அழுதாலும் சத்தம் சத்தந்தானே."

அம்மாக்கண்ணுவால் சம்பந்தியைப் பகைக்கவும் முடியாது, தங்கையை விட்டுக்கொடுக்கவும் முடியாது. பரிமளம் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆவணி மழ சம்பந்தி. எங்க ஸ்டோர் வளைவுல எப்பிடியும் புடிக்கும். இந்தச் சோடி பிரிஞ்சா, இனிமே எவுக வீட்டுச் சப்பாத்துக்கும் நான் வர மாட்டேன். எம் புருசனுக்கு வச்ச பேர எனக்கும் சேத்து வச்சுருங்க."

செல்லசாமி மீசையைத் தடவினார். அந்தப் பெயர் அவர் தோட்டம் வரைக்கும் தெரிந்திருந்தது. "சரி, கட்டச் சொல்லுங்க" என்றார்.

கலியாணத்துக்கு முதல்நாள் பரிமளம் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து வரப்பு முழுக்கத் தேய்த்தாள், ஒரு தையல் விடாமல். ஆண்டியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஊர்கோலத்துக்கு நீங்களும் வரணும்" என்றாள்.

"மழ வந்தா?"

"மழ வந்தா கொட புடிக்க ஆளு வேணும்ல."

அவர் வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஊர்வலம் கோயிலிலிருந்து புறப்பட்டது. "மாப்பிள்ள காத்துல நடக்குறாரா?" என்று ஒரு கிழவர் கேட்டார். செல்லசாமியின் முகம் சுருங்கியது. சொல்லி வைத்தாற்போல ஸ்டோர் வளைவில் மழை கொட்டியது. தப்புக்காரர்கள் தோலை நனையவிடாமல் மரத்தடிக்கு ஓடினார்கள். பழைய கதை தெரிந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் காலையே பார்த்தார்கள். பரிமளம் மட்டும் அங்கே பார்க்கவில்லை. லயத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கறுப்புக் குடை மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடைக்குக் கீழே, இடுப்பில் கட்டிய சமையல் துண்டோடு ஆண்டியப்பன் வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக மாப்பிள்ளையிடம் போய்த் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். அவர் முதுகு நனைந்தது. "வாங்க காயித மாப்பிள்ள" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அடுத்த ஆள் சிரிக்காததால் அது அதோடு நின்றது.

சேற்றில், சரளையில், லயத்துப் படிக்கட்டில் அந்தச் சப்பாத்து ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. வாசலில் ஆரத்தி எடுத்ததும் மாப்பிள்ளை அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். செல்லசாமி குனிந்து இரண்டு அடியையும் திருப்பிப் பார்த்தார். "அம்மாக்கண்ணு, எனக்கும் ஒரு சோடி எடுக்கணும். ஒங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க. சத்தம் இல்லாட்டியும் பரவால்ல" என்றார். அம்மாக்கண்ணு அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்து வைத்தவள்போல நிமிர்ந்து நின்றாள்.

பரிமளம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வலது சப்பாத்தை எடுத்து, அதன் மூக்கு வரைக்கும் கையை உள்ளே விட்டு, வெளியே எடுத்தாள். குடையை மடக்கிக்கொண்டிருந்த ஆண்டியப்பனுக்கு முன்னால் அந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தலையிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் உள்ளங்கையைக் கட்டை விரலால் மெல்ல அமுக்கி, அவள் வரப்பைப் பார்க்கிற மாதிரியே ஓரத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.