தின்கா ஊற்றிய தண்ணீர்

அறுபத்தொரு வயதில் தின்கா தன் கணவனிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். கோபத்தில் கொடுத்த வாக்கு. பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்துக்காரர்கள் எதையும் கோபத்தில்தான் கொடுப்பார்கள். கொடுத்தபிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற மாட்டார்கள்.

கடலைப் பார்த்துச் செங்குத்தாக இறங்கும் சரிவில், அவளுடைய அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் இருந்தது. மண்ணைவிடக் கல் அதிகம். சாக்ரெப் நகரத்திலிருந்து வந்த ஒருவன், அங்கே நீச்சல் குளத்தோடு பங்களாக்கள் கட்டப்போவதாகச் சொல்லி விலை பேசிவிட்டுப் போயிருந்தான். முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரனாக இருந்து ஓய்வுபெற்ற கணவன் ஃப்ரானோவுக்கு அந்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"அடியே, உனக்கு முட்டி தேஞ்சு போச்சு. இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கல்லுல ஏறி இறங்குவ? வித்துத் தொலைச்சிட்டு நிம்மதியா உக்காருவோம்."

"என் ஒயினைக் குடிக்க எங்கெங்கிருந்தோ ஆளு வரும்யா. பாத்துக்கிட்டே இரு."

"யாரு வருவா? கடல்காக்கா வரும்."

"இந்த ஆகஸ்டு முடியறதுக்குள்ள, வாராவாரம் ஒரு படகு ஆளு என் ஒயின் கிடங்குக்கு வருதுன்னு முடிவாகலேன்னா, நானே கையெழுத்துப் போடறேன். போதுமா?"

போதும் என்று ஃப்ரானோ சொன்ன வேகத்தைப் பார்த்தபிறகுதான், அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கு உறைத்தது.

ஆனால் சும்மா சொன்ன பேச்சல்ல அது. பத்து வயதிலேயே கழுதையின் பின்னால் திராட்சைக் கூடையோடு மலையேறியவள் அவள். கணவன் கடலில் இருந்த வருஷங்களில் தனியாகக் கவாத்து செய்தாள், தனியாக அறுத்தாள், ஒவ்வொரு செப்டம்பரிலும் கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். அங்கே ஊர்த் திராட்சையெல்லாம் ஒரே தொட்டிக்குள் போகும். எது யாருடையது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஐம்பத்தேழாவது வயதில் ஒருநாள், "இனி ஒரு கூடைகூடத் தர மாட்டேன்" என்று சங்கத்துச் செயலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, இரண்டு பீப்பாய் வாங்கி வந்தாள். பாட்டிலில் தன் பெயரையே ஒட்டினாள். ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்கள் வாயை மூட அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

எதிரே தெரியும் கோர்ச்சுலா தீவிலிருந்து சுற்றுலாப் படகு விடுகிறவன் லோவ்ரோ. காலையில் மதில் சூழ்ந்த பழைய நகரம், நண்பகலில் எங்கேயாவது ஒயின், சாயங்காலம் கூழாங்கல் கடற்கரையில் குளியல் என்பது அவனுடைய ஒருநாள் கணக்கு. தின்கா அவன் அலுவலகத்துக்கு மூன்று முறை போனாள்; மூன்று முறையும் பார்க்கலாம் என்றான். நான்காவது முறை, மதியச் சாப்பாட்டை மடியில் கட்டிக்கொண்டு போய் அவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். நகரவில்லை. இரண்டு வியாழக்கிழமை கூட்டிவந்து பார்ப்பதாகவும், சரிப்பட்டால் ஒவ்வொரு வியாழனும் வருவதாகவும் அவன் ஒத்துக்கொண்டான்.

முதல் வியாழன் பன்னிரண்டு பேர் வந்தார்கள். படகுத்துறையிலிருந்து இருநூற்றுச் சொச்சம் படி ஏறி, முகமெல்லாம் சிவந்து, கிடங்குக்குள் நுழைந்தார்கள். உப்பிட்ட மத்தி மீன், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, அத்திப்பழம் எல்லாம் மேசையில் தயார். தின்கா பீப்பாயிலிருந்து கறுப்பு ஒயினை எடுத்தாள். மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சிவப்பு என்பார்கள். அது அவர்கள் கண்ணில் கோளாறு. ஒவ்வொரு கோப்பையிலும் பாதிக்கு ஒயின். மீதிப் பாதிக்கு, யாரையும் கேட்காமல், சாடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர்.

அங்கே யாருமே அதைக் கேட்டுச் செய்வதில்லை. உச்சி வெயிலில் வந்த விருந்தாளிக்கு வெறும் ஒயினைக் கொடுப்பவன் ஒன்று தண்ணீர் சுமக்கக்கூட மனமில்லாத கஞ்சன், இல்லையென்றால் குடிகாரன். அவள் அப்பா அப்படித்தான் ஊற்றினார். ஊர்ப் பாதிரியார் இன்றைக்கும் அப்படித்தான் குடிக்கிறார்.

வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. தாடி வைத்த ஒரு ஜெர்மன்காரன் சாடியைப் படம் பிடித்தான். தின்கா அதை மெச்சுதல் என்று நினைத்துச் சாடியைத் திருப்பி, பூ வேலைப்பாடு தெரியும்படி வைத்தாள்.

மறுநாள் காலை லோவ்ரோ போனில் கத்தினான்.

"அத்தை, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க! உங்க கிடங்குல தண்ணி கலந்த ஒயின் விக்கறாங்கன்னு ஒருத்தன் நெட்டுல போட்டோவோட எழுதிப் போட்டிருக்கான்."

"கண்ணு முன்னாடி ஊத்துனது கலப்படமாடா? ஒளிச்சு ஊத்துனாத்தானே கலப்படம்?"

"எனக்கு அந்த நியாயம் எல்லாம் வேணாம். அடுத்த வியாழன்தான் கடைசி. சாடியே கண்ல படக் கூடாது."

ஃப்ரானோ விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "நீ ஊத்துன தண்ணியில நம்ம தோட்டமே போச்சுடி!" சிரிப்பு அடங்கியதும் சாக்ரெப்காரனின் எண்ணைக் காகிதத்தில் எழுதி, போனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

தின்காவுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க, ஃப்ரானோவை எதிரே உட்காரவைத்து ஊற்றிப் பழகினாள். ஒயினை ஊற்றியதும் வலது கை தானாகச் சாடியைத் தேடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? கடைசியில் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையால் ஊற்றக் கற்றாள்.

இரண்டாம் வியாழன் வெயில் கொளுத்தியது. லோவ்ரோவும் கூடவே ஏறி வந்தான். வந்ததும் முதல் வேலையாகச் சாடியைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தான். பிறகு, தான் கொண்டுவந்த ஒரு தகர வாளியை மேசை நடுவில் வைத்தான்.

"இது எதுக்கு, மீன் முள்ளுக்கா?"

"இன்னிக்கு வந்திருக்கறவங்க ஒயின் தெரிஞ்சவங்க, அத்தை. இது அவங்க துப்பறதுக்கு."

"எதை?"

"ஒயினைத்தான்."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். ஊற்றிக் கொடுத்தாள். ஒன்பது பேரும் கோப்பையைச் சுழற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், வாயில் வைத்துக் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து வாளியில் துப்பினார்கள்.

ஒவ்வொரு கொடியையும் முட்டி தேயத் தேய வளர்த்தவள் தின்கா. இவர்கள் துப்பிய ஒவ்வொரு வாய் ஒயினும் அவள் முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

"லோவ்ரோ, கேளு. பிடிக்கலையான்னு கேளு."

"அத்தை, சும்மா இருங்க..."

"இது என் வீடு. கேளுடா!"

அவன் கேட்டான். வெள்ளைத் தலைமுடியுடன் இருந்த ஒரு டச்சுக்கார அம்மாள் பதறிப்போய்ப் பதில் சொன்னாள். லோவ்ரோ தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். "ரொம்பப் பிடிச்சிருக்காம். ஆனா ரொம்ப வீரியமாம். இந்த வெயில்ல முழுங்கினா, அத்தனை படி எறங்கிக் கடலுக்குப் போக முடியாதாம். தலை சுத்திடுமாம். அதனாலதான் மனசில்லாம துப்பறாங்களாம்."

தின்கா விறுவிறுவென்று வெளியே போய்ச் சாடியைத் தூக்கி வந்தாள். லோவ்ரோ குறுக்கே வந்தான்.

"அத்தை, வேணாம். பொழப்பு போயிடும்!"

"போனாப் போகட்டும். நான் சொல்றதை அப்படியே சொல்லு. இந்த வெயிலு எங்களுக்குந்தான் அடிக்குது. இந்தப் படியை நாங்களும்தான் எறங்கறோம். தலை சுத்தக் கூடாதுன்னு நீங்க துப்பறீங்க, நாங்க தண்ணி ஊத்தறோம். எங்க முறையில ஒரு சொட்டு வீணாகாது. மொதக் கோப்பை உங்க முறைப்படி குடிச்சாச்சு. ரெண்டாவது கோப்பை என் முறை. வேண்டாங்கறவங்க எழுந்து போகலாம். ஆனா என் வீட்ல இனிமே யாரும் துப்பக் கூடாது."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தாள். தோட்டம் போய்விட்டது என்றே நினைத்தாள். இருந்தாலும் அந்த வாளியை அவள் திரும்ப உள்ளே கொண்டுவருவதாக இல்லை.

லோவ்ரோ அப்படியே மொழிபெயர்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. டச்சுக்கார அம்மாள் முதலில் கோப்பையை நீட்டினாள். பாதிக்கு ஒயின், பாதிக்குத் தண்ணீர். மத்தி மீனோடு அதை மடமடவென்று குடித்து முடித்து, மறுபடி நீட்டினாள். பிறகு ஒன்பது கோப்பையும் நீண்டன. மத்தி மீன் தட்டு இரண்டு முறை காலியானது. பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரம் கூடுதலாகவே உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடத் தடுமாறாமல் படியிறங்கிப் போய்க் கடலில் குதித்தார்கள்.

லோவ்ரோ மட்டும் கடைசியாக நின்றான். வெட்கப்படுகிறானா, கணக்குப் போடுகிறானா என்று தெரியவில்லை.

"அத்தை, செப்டம்பர் பூரா வியாழக்கிழமை வர்றோம். அடுத்த கோடைக்கும் எழுதிக்கறேன்."

"வாளி?"

"வாளி வராது."

அவள் வீட்டுக்குள் போனபோது ஃப்ரானோ எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுத் தூண்டில் முள்ளைத் தீட்டுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான். தின்கா எண் எழுதிய காகிதத்தையும் போனையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"கூப்பிடு அந்தாளை."

"நாளைக்குப் பேசறேன்டி. அவன் சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்."

"இப்ப."

"நான் என்னன்னு சொல்றது?"

"இந்த அம்மா விக்க மாட்டாளாம்னு சொல்லு."

ஃப்ரானோ எண்ணை அழுத்தினான். அவன் பேசி முடித்துப் போனைக் கீழே வைக்கும்வரை தின்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.