பெரிய தெருவுக்குப் போதுமான காற்று

எங்கள் ஊரில் பெரிய தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிள் டயரில் காற்று இறங்கிவிடும் என்று சின்ன வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அப்பா அந்தத் தெருமுனையில் இறங்குவார், என்னையும் இறக்கிவிடுவார், பண்ணை வீட்டைத் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவார். தெரு முடிந்ததும் ஏறிக்கொள்வார். ஏனென்று ஒருநாள் கேட்டதற்கு, "காத்து பத்தல பாப்பா" என்றார். தெருவைத் தாண்டியதும் அந்தக் காற்று எப்படித் திரும்பி வந்தது என்று கேட்கும் புத்தி எனக்கு இல்லை.

எங்கள் தெருக்காரர்கள் அங்கே சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. அதுதான் சங்கதி. நாங்கள் பண்ணை நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். சென்னையில் ஆட்சி மாறி, டீக்கடை ரேடியோ நல்ல தமிழில் சமத்துவம் பேசிக்கொண்டிருந்தது. பெரிய தெருவுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை. பெற்ற பெண்ணிடம் இதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. பழியைக் காற்றின் மேல் போட்டுவிட்டார்.

ஊரில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று அந்த வருஷம் எங்கள் தெரு வரப்பில் உட்கார்ந்துவிட்டது. கூலி கூடியதோ இல்லையோ, பண்ணை வேலைகளை மேய்க்கும் காரியக்காரர் பம்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டயர் இறங்கினால் மன்னார்குடி வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"நாமளே ஒண்ணு வாங்கிப்புடுவோம்" என்று தெரு கூடி முடிவுசெய்தது. வாங்கி வரும் பொறுப்பு அப்பாவுக்கு. எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. நல்ல பம்பு வந்துவிட்டால் பெரிய தெருவில் இறங்கவே வேண்டாமே! லேசில் உடையாத பம்பாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அப்பாவைவிட எனக்குத்தான் கவலை அதிகம்.

மன்னார்குடியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த பாய், "வாங்க, உக்காருங்க" என்று அப்பாவுக்கு முக்காலியை இழுத்துப் போட்டார். அப்பாவுக்கு உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிவப்புச் சாயம் பூசி, பளபளவென்று நின்ற ஒரு பம்பின் மேல்தான் முதலில் என் கண் போயிற்று.

"அது பாக்கத்தான் அழகு. வெறும் தகரம்" என்றார் பாய். "ஒரு வீட்டுக்குன்னா சரி. தெருவே அடிச்சா தீவாளி தாங்காது."

அடுத்து, கால் வைத்து மிதித்துக்கொள்ள இரும்புப் பட்டை போட்ட பித்தளைப் பம்புகள் வந்தன. அப்பா ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "அமுக்கு பாப்பா" என்றார். உள்ளே இருக்கும் தோல் வாசர் ஒழுங்காக இருந்தால் காற்று கசியாது, கைப்பிடியும் இறங்காதாம். முதல் பம்பின் கைப்பிடியில் நான் தொங்கினேன். புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டே அது என்னைத் தரையில் கொண்டுவந்து விட்டது. அடுத்ததில் வயிற்றை வைத்து, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்தேன். பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

"பாய், எறங்க மாட்டேங்குது!" என்று தலைகீழாகக் கிடந்தபடியே கத்தினேன்.

கடையே சிரித்தது. "அப்பப்ப தோலுக்குக் கொஞ்சம் தேங்காண்ணெ வுடுங்க. இந்தப் புள்ள கல்யாணம் வரைக்கும் ஒழைக்கும்" என்றார் பாய்.

"அதுக்கப்பறம்?" என்று கேட்டேன்.

கடை வாசலிலேயே இரண்டு டயருக்கும் காற்றடித்தேன். வெடித்துவிடப் போகிறது என்று அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். பம்பைப் பிள்ளையைப்போல மடியில் அணைத்துக்கொண்டு முன்பாரில் உட்கார்ந்து வந்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஏதோ பாட்டை முனகினார். பெரிய தெருமுனை வந்தது. பாட்டு நின்றது. வழக்கம்போல் இறங்கிவிட்டார்.

"ஏம்ப்பா எறங்குற?"

குதித்து இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தேன். "கல்லு மாதிரி இருக்குப்பா! நீயே பாரு."

குனிந்து அவரும் அமுக்கிப் பார்த்தார். தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்டவருக்கு வேறு என்ன வழி? தெருவை ஒருமுறை கடைசிவரைக்கும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, இருக்கு" என்றார். "ஏறு."

பெரிய தெருவைச் சைக்கிளில் இருந்தபடி நான் பார்த்தது அன்றுதான். வீடுகளெல்லாம் சரசரவென்று பின்னால் போயின. நானே மணியடித்தேன். பண்ணை வீட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த காரியக்காரர் எழுந்தேவிட்டார்.

"எவன்டா அவன்? எறங்குடா!"

பாவம், விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. "காத்து இருக்குங்க! புதுப் பம்பு!" என்று தூக்கிக் காட்டினேன். வாயில் வெற்றிலையோடு அப்படியே நின்றுவிட்டார். என் முதுகில் அப்பாவின் நெஞ்சு திடும்திடுமென்று இடித்தது. வேகமாக மிதிக்கிறார், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியொரு சந்தோஷத்தை அதற்கப்புறம் எந்த வண்டியில் போயும் நான் அடைந்ததில்லை.

எங்களுக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அம்மா ஓடிவந்து அப்பாவின் தோளில் இரண்டு போட்டாள். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். பம்பு பிடித்துப்போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்னால் பஞ்சாயத்து, மிரட்டல் எல்லாம் வந்தன. அவை பெரியவர்கள் பட்ட பாடு.

மறுநாள் விடிந்ததும் தெருவில் இருந்த சைக்கிள் எல்லாம் எங்கள் வாசலில் நின்றன. முதலில் நின்றவர் பக்கத்து வீட்டு மாமா. வேட்டியைப் புதிதாகத் துவைத்துக் கட்டியிருந்தார். அவருடைய டயரை அமுக்கினேன். நல்ல காற்று. அடுத்தவருடையதும் அப்படித்தான். ஒருவருக்கும் காற்று குறையவில்லை.

"ஒங்களுக்குத்தான் காத்து இருக்கே மாமா?"

"இருக்கட்டும் பாப்பா. ஒன் கையால ரெண்டு அடி அடிச்சு வுடு" என்றார் மாமா. "பெரிய தெரு வழியாப் போவப் போறோம்."

விவரம் கெட்ட மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டே அடித்துவிட்டேன்.