டெவினை வெளியே எடுத்த ஆட்டம்

அது, பந்தைக் கையால் பிடித்து ஓடுகிற ஃபுட்போல் அணியொன்றின் பயிற்சி முகாமில் கடைசி ஆட்டம். மறுநாள் காலையில் அணி முடிவாகும். ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற வைட் ரிசீவர்களில் ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. போட்டியில் நின்றது நானும் டெவினும்.

டெவின் அலபாமாவிலிருந்து வந்தவன். நான் அணியின் சொந்த நகரத்தில், ரொக்ஸ்பரோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெடியன். முகாமில் இருவருக்கும் ஒரே அறை. யார் முதலில் தெருமுனை டெப்பனர் கடைக்குப் போனாலும் மற்றவனுக்கும் கோப்பி வாங்கி வருவான். மைதானத்தில் இறங்கியதும் அவன் பந்தைத் தவறவிட வேண்டுமென்று நான் நினைப்பேன். அவனும் நினைத்திருப்பான்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நாலாவது குவாட்டரில் டெவின் நடுவால் குறுக்கே ஓடி, பாய்ந்து பந்தைப் பிடித்தான். அந்தக் கணமே எதிரணியின் சேப்டி, அதாவது கடைசி வரிசைத் தடுப்பாளன், தோளால் இடித்தான். டெவினின் தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் பந்தை விடவில்லை. எழுந்து நின்றான். சனம் ஆர்ப்பரித்தது.

அடுத்த பிளேக்காக, அதாவது அடுத்த நகர்வுக்காக, வட்டமாகக் கூடினோம். பந்தை எறிகிற குவாட்டர்பேக் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் டெவின் என் கையைப் பிடித்தான்.

"நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

முகாம் தொடங்கிய நாளிலிருந்து ஓடிய பிளே அது. அவன் பார்வை என் முகத்தில் நிலைக்கவில்லை. மைதானத்தை விட்டு வெளியே போகச் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. நாளைக்கு என்னை அனுப்பிப்போடுவாங்கள்."

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. நான் சொன்னால், இடத்துக்காகச் சொன்னேன் என்பார்கள். சொல்லாவிட்டால் அதே தலையில் இன்னோர் அடி விழலாம். எல்லோரும் வரிசைக்குப் போய்விட்டார்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

காயங்களைக் கவனிக்கும் அணியின் தெரபிஸ்ட் ஓடிவந்து, கேள்விகள் கேட்டுவிட்டு, அவனுடைய ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். டெவின் போகும்போது திரும்பி, "இடம் உனக்குத்தான், எடுத்துக்கொள்" என்றான்.

இடம் எனக்குத்தான் கிடைத்தது. அவனை அனுப்பிவிடாமல், காயம்பட்டவர்கள் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள். உடைமாற்றும் அறையில் சிலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த என் அண்ணையிடம் சொன்னேன். காரை ஓட்டிக்கொண்டே அவர், "சனம் கதைக்கும்தான். அவன் உயிரோடை இருந்து ஏசட்டும்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

வெளிச்சம் பட்டாலே டெவினுக்குக் குமட்டிச் சத்தி வருகிறது என்று கேள்விப்பட்டேன். மெசேஜ் போட்டேன். பதிலில்லை. இலையுதிர்காலம் வந்து மரங்கள் சிவக்கத் தொடங்கியபோதுதான் பயிற்சிக்குத் திரும்பினான். என் பக்கத்தில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.

"யோசிச்சுப் பாத்தனான்," என்றான். "அண்டைக்கு அடிபட்டது நீயெண்டால், நான் சொல்லியிருக்கமாட்டன்."

நான் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். விசில் ஊதினார்கள். இருவரும் ஓடினோம்.

அதன்பிறகு பல பருவங்கள் ஆடினேன். இப்போது பக்கத்துப் புறநகரான புரோசார்ட்டில் பிள்ளைகளைப் பழக்குகிறேன். பந்து பிடிக்கப் பழக்குவது பேந்துதான். முதல் நாள் அவர்களுக்குச் சொல்வது இதைத்தான்: பக்கத்தில் நிற்கிறவன் தடுமாறினால் கையைத் தூக்குங்கோ. அவன் நன்றி சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ.